திரையில் கேட்காத குரல்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் அம்மம்மா கொழும்பு கொட்டாஞ்சேனையில் வாழ்ந்தவர். பழைய நாடகக்காரிகளைப் பற்றிப் பேச்சு வந்தால், அவர் அழகைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். "என்ன தொண்டை பிள்ளை! கடைசி வாங்கில இருந்தாலும் ஒரு சொல் தப்பாமல் கேக்கும்" என்பார். மைக் இல்லாத காலம் அது. ஆர்மோனியக்காரர் சுருதியை ஏற்றிக்கொண்டே போவார். பாடுகிறவரும் விடாமல் கூடவே ஏற வேண்டும். அதில் தோற்றால் சனம் எழும்பிப் போய்விடும்.

அப்படி ஒரு தொண்டையை வைத்துக்கொண்டு ஊமைப்படத்தில் நடித்தவர் டி. பி. ராஜலட்சுமி. அவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1911 இல் தஞ்சைப் பக்கம் திருவையாற்றில் பிறந்தவர். நம்முடைய மருதானை டவர் மண்டபம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். சின்னஞ்சிறு வயதில் கல்யாணம் செய்து வைத்தார்கள், அது நிலைக்கவில்லை. தகப்பனாரும் இறந்துபோக, தாயும் மகளும் பிழைப்புத் தேடித் திருச்சிக்கு வந்தார்கள். அங்கே சாமண்ணாவின் நாடகக் குழுவில் சேர்ந்தபோது அவர் இன்னும் சிறுமிதான். பிராமணக் குடும்பத்துப் பெண் மேடையேறுவதை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஸ்திரீபார்ட் என்ற பெண் வேடத்தைக்கூட ஆண்களே போட்ட காலம். அவரோ நாயக வேடம் போடும் ராஜபார்ட் நடிகர்களுக்கு ஈடுகொடுத்துப் பாடிப் பெயர் வாங்கினார்.

அப்புறம் சினிமா அழைத்தது. 'கோவலன்', 'உஷா சுந்தரி', 'ராஜேஸ்வரி' என்று ஊமைப்படங்கள்.

இந்த இடத்தில்தான் என் மனம் எப்போதும் நின்றுவிடும். ஊமைப்படம் ஓடும் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, எழுத்து அட்டை வர வர உரக்க வாசித்துக் கதை சொல்வார். பக்கவாத்தியமும் இருக்கும். திரையில் ராஜலட்சுமியின் வாய் அசையும், கேட்பது யாரோ ஓர் ஆணின் குரல். நேற்றுவரை அந்தப் பெண்ணின் பாட்டுக்காகவே காசு கொடுத்து வந்த சனம், இப்போது முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறது. நான் இந்தக் கலையகத்தில் இருந்து பேசுகிறேன், என் முகம் உங்களுக்குத் தெரியாது. அவருக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். எது பெரிய இழப்பு என்று கேட்டால், பாடகிக்கு அவருடைய இழப்புத்தான் பெரிது என்பேன்.

ஆனால் காலம் சீக்கிரமே மாறியது. சினிமா பேசத் தொடங்கியபோது பின்னணி பாடும் வசதி கிடையாது. நடிக்கிறவரே பாட வேண்டும், அதையும் படம் எடுக்கும்போதே பாட வேண்டும். ஊமைப்படங்களில் நடித்துக்கொண்டிருந்த ஆங்கிலோ இந்தியப் பெண்கள் பலருக்குத் தமிழ் வராது, வாய்ப்புப் போயிற்று. மேடையில் பழகிய தொண்டைக்கு இப்போது மதிப்பு வந்தது. 1931 ஒக்டோபர் 31 இல் சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் 'காளிதாஸ்' வெளியானது. எச். எம். ரெட்டி இயக்கிய முதல் தமிழ்ப் பேசும்படம், எடுத்தது பம்பாயில். கதாநாயகன் தெலுங்கில் பேசினார், ராஜலட்சுமி தமிழில் பதில் சொன்னார். திருவையாற்றுப் பெண் அந்தப் படத்தில் தியாகராஜர் கீர்த்தனை பாடினார். கதை நடப்பதோ காளிதாசன் காலம். ஆனாலும் காந்தியின் கைராட்டினத்தைப் பற்றியும் ஒரு பாட்டு! மேடையிலேயே சுதந்திரப் பாட்டுப் பாடிச் சிறைக்குப் போனவர் அவர். அந்தப் பாட்டை வேறு யார் பாடியிருந்தாலும் அவ்வளவு பொருந்தியிருக்காது.

1936 இல் 'மிஸ் கமலா'. தன்னுடைய நாவலைத் தானே தயாரித்து, தானே இயக்கி, தானே நடித்தார். தமிழில் படம் இயக்கிய முதல் பெண் அவர்தான். 'சினிமா ராணி' என்று அழைத்தார்கள். 1964 இல் காலமானார்.

சரி, அந்தக் குரலை இன்று கேட்கலாமா? 'காளிதாஸ்' படத்தின் ஒரு பிரதிகூட இல்லை. அந்தக்கால நைட்ரேட் பிலிம் சீக்கிரம் தீப்பற்றும், தீக்குத் தப்பினாலும் மக்கிப்போகும். தென்னிந்திய ஊமைப்படங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் போய்விட்டன. நம் இலங்கையில் 1925 இல் எடுத்த 'ராஜகீய விக்கிரமய' என்ற ஊமைப்படமும் தீக்கிரையானது. இந்த ஊர்ச்சனம் அதை ஒரு தடவை பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. ஒரு மனுசி தன் மூச்சைக் கொடுத்துப் பாடியது இப்படி ஒன்றுமில்லாமல் போயிற்றே என்று நினைக்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

அம்மம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் ஒரு நாடக நோட்டீஸ் இருந்தது. மஞ்சள் காகிதம், மடிப்பில் கிழிந்தது. 'ஸ்திரீகளுக்குத் தனி இடம் உண்டு' என்று கீழே அச்சிட்டிருக்கும். வீடு மாறும்போது அதைத் தொலைத்துவிட்டோம். செட்டியார் தெருவிலும் ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் மூன்று நாலு தலைமுறையாக ஒரே வீட்டில் இருக்கிற குடும்பங்கள் உண்டு. பரணில் பழைய பாட்டுப் புத்தகமோ, இசைத்தட்டோ, நோட்டீஸோ கிடந்தால், எடைக்குப் போட முதல் தயவுசெய்து ஒரு தரம் பிரித்துப் பாருங்கள்.

வணக்கம்.