நார்னியாவையும் மிடில் எர்த்தையும் வரைஞ்ச அம்மா

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி உக்காந்திருக்கவங்களுக்கு கேக்குதுல்ல? சரி.

ஒரு ஓவியரோட டைரி குறிப்புல இருந்து ஆரம்பிக்கிறேன். சி. எஸ். லூயிஸைப் பாத்தேன், வீட்டுக்கு வந்தேன், ராக் கேக் பண்ணேன். அந்த நாளுக்கு அவங்க எழுதி வச்சது அவ்வளவுதான். ராக் கேக்னா உலர்ந்த திராட்சை போட்டு கரடுமுரடா சுடுற சின்ன கேக், முட்டையும் சர்க்கரையும் ரேஷன்ல கிடைச்ச காலத்துல இங்கிலாந்துல வீட்டுக்கு வீடு பண்ணது. லூயிஸ் அப்பவே ரேடியோவுல பேசி நாடு முழுக்க பேர் தெரிஞ்ச ஆளு, ஆக்ஸ்ஃபோர்ட்ல வாத்தியார். அவரைப் பாத்துட்டு வந்ததும் அந்த கேக்கும் ஒரே வரியில போகுது பாருங்க, எழுதினவங்களோட குணம் அதுலயே தெரிஞ்சிடுது. அவங்க பேரு பாலின் பெய்ன்ஸ். லூயிஸ் குழந்தைங்களுக்கு எழுதின நார்னியா கதைகள், அந்த ஏழு புத்தகத்துக்கும் படம் போட்டவங்க. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் எழுதின டோல்கீனும் லூயிஸும் நெருங்கின நண்பர்கள்னு நிறைய பேருக்குத் தெரியும், அந்த ரெண்டு பேரோட உலகத்துக்கும் படம் போட்டது ஒரே கைதான்னு சொன்னா பாதிப் பேர் நம்ப மாட்டாங்க.

பொறந்தது 1922, இங்கிலாந்துல ஹோவ்ங்கிற கடலோர ஊர்ல. ஆனா கைக்குழந்தையா இருக்கும்போதே நம்ம நாட்டுக்கு வந்துட்டாங்க, அப்பா ஐ.சி.எஸ்., ஆக்ராவுல கமிஷனர். ஆக்ராவும் முசோரியும்தான் அவங்களுக்கு விவரம் தெரிஞ்ச முதல் ஊர்கள். ஆயா வளர்த்தாங்க, வீட்ல ஒரு குரங்கு வளத்தாங்க, இந்தி பேசினாங்க. அஞ்சு வயசுல அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு அக்காவோட இங்கிலாந்துக்குத் திரும்பி ஒரு கான்வென்ட்ல சேத்து விட்டாங்க, அங்க கன்னியாஸ்திரிங்க இந்தப் பொண்ணை ஒரு வழி பண்ணிட்டாங்க. வீட்ல தைச்ச டிரெஸ்ஸைப் பாத்து கிண்டல், ஏதேதோ கற்பனையா பேசறான்னு கிண்டல், இந்தி பேசறதுக்கும் கிண்டல். ஜங்கிள் புக் எழுதின கிப்ளிங்கும் சின்ன வயசுல இந்தியாவுல இருந்து போயி இதே மாதிரி அவதிப்பட்டவர்தான்னு பின்னாடி தெரிஞ்சப்போ கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சாம். ஆக்ரா ஞாபகம்தான் அவங்க படத்துல வர்ற கிழக்கத்திய சாயலுக்குக் காரணம்னு சிலர் எழுதுறாங்க, நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன், அஞ்சு வயசு குழந்தைக்கு எவ்வளவு ஞாபகம் இருந்திருக்கும்? பாரசீக சிற்றோவியங்களையெல்லாம் பெரியவங்களானப்புறம் கண்ணால பாத்து ரசிச்சவங்க, அதுவே போதுமான காரணம்.

பதினஞ்சு வயசுல ஃபார்ன்ஹாம் ஆர்ட் ஸ்கூல், அப்புறம் ஸ்லேடுங்கிற இன்னொரு ஆர்ட் ஸ்கூல். அங்க படிப்பை முடிக்கல, ரெண்டாம் உலக யுத்தம் வந்துடுச்சு. இந்த யுத்த காலத்தைத்தான் நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும், ஏன்னா வாழ்க்கை வரலாறு எழுதுறவங்க இதை ரெண்டு வரியில தாண்டிடுவாங்க, எனக்கு அங்கதான் அவங்களோட நிஜமான படிப்பு நடந்துச்சுன்னு தோணுது. முதல்ல ஃபார்ன்ஹாம் கோட்டையில ராணுவத்தோட கேமோஃப்லாஜ் பயிற்சி மையம், எதிரி கண்ணுக்குத் தெரியாம எதை எப்படி மறைக்கலாம்னு சொல்லிக் கொடுக்கற இடம், அங்க அக்காவும் தங்கச்சியும் மாடல் செஞ்சு கொடுத்தாங்க. 1942ல இருந்து பாத் நகரத்துல கடற்படையோட ஹைட்ரோகிராஃபிக் டிபார்ட்மென்ட், அங்க வேலை கடல் மேப் வரையறது. கப்பல்காரன் அந்த மேப்பை நம்பித்தான் போவான், கோடு கொஞ்சம் தள்ளிப் போனா கப்பல் பாறையில ஏறிடும். ஒரு கோடு எங்க தொடங்கி எங்க நிக்கணும், எழுத்தை எங்க வச்சா கண்ணுக்கு உறுத்தாது, காலியா விட வேண்டிய இடம் எது, இதையெல்லாம் அங்க தினமும் கை பழகியிருக்கு.

யுத்தம் முடிஞ்சு ரெண்டு மூணு வருஷத்துல, 1948ல, ஆலன் அண்ட் அன்வின் பப்ளிஷருக்கு தன்னோட கோட்டோவியங்களை அனுப்பி வைக்கிறாங்க, வேலை ஏதாவது இருந்தா சொல்லுங்கன்னு. இடைக்கால கையெழுத்துச் சுவடிகள் இருக்கு பாத்தீங்களா, பைபிள் சங்கீதங்களை அழகழகா எழுதியிருப்பாங்க, ஆனா ஓரத்துல பாத்தா சம்பந்தமே இல்லாம ஒருத்தன் ஏர் ஓட்டிட்டு இருப்பான், பாதி மனுஷன் பாதி மீனா ஒரு பிராணி நின்னுட்டு இருக்கும். லட்ரெல் சால்ட்டர்னு 14ஆம் நூற்றாண்டு சுவடி ஒண்ணு பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கு, அந்த ஓரச் சித்திரங்கள்ல மயங்கிப் போயி அதே பாணியில கிண்டலா இவங்க வரைஞ்சு அனுப்பினது.

அதே நேரத்துல டோல்கீன் கையில ஒரு சின்னக் கதை. ஒரு குடியானவன் ஒரு டிராகன்கிட்ட மாட்டி, அதை மிரட்டி, கடைசியில ராஜாவாகவே ஆயிடற கதை, ஃபார்மர் ஜைல்ஸ் ஆஃப் ஹாம். பழைய காலத்துச் சுவடியை மொழிபெயர்த்த மாதிரி நடிச்சு எழுதின கிண்டல் கதை. முதல்ல வேற ஒருத்தரோட படத்தைக் காட்டியிருக்காங்க, டோல்கீனுக்குப் பிடிக்கல. பாலினோட படத்தைக் காட்டினதும் விழுந்துட்டார். முழுப் படமும் வந்தப்புறம் அவர் பப்ளிஷருக்கு எழுதின லெட்டர்ல, இது வெறும் விளக்கப் படம் இல்ல, கதைக்குப் பக்கத்துலயே இன்னொரு கதையா ஓடுதுன்னு அர்த்தம் வர்ற மாதிரி சொல்றார். அதோட, என் எழுத்து இந்தப் படங்களுக்கு எழுதின உரை மாதிரி ஆயிடுச்சுன்னு நண்பர்கள் சொல்றாங்கன்னு சந்தோஷமாவே எழுதறார். எழுத்தாளன் ஒருத்தன் இதை சந்தோஷமா எழுதறதுங்கறது லேசுப்பட்ட விஷயம் இல்ல சார். அதுவும் டோல்கீன் மாதிரி ஒரு கமாவுக்கு நாலு பக்கம் லெட்டர் எழுதற ஆளு.

1949ல அந்தப் புத்தகம், அடுத்த வருஷமே நார்னியா முதல் புத்தகம். 1950ல இருந்து 1956 வரைக்கும் வருஷத்துக்கு ஒண்ணு, ஜெஃப்ரி ப்ளெஸ் பப்ளிஷர் பெரும்பாலும், கடைசி ரெண்டு வேற கம்பெனி. புத்தகத்துக்கு இவ்வளவுன்னு மொத்தமா ஒரு தொகை கொடுத்துடுவாங்க, ராயல்ட்டி கிடையாது. அந்த ஏழு புத்தகம் கோடிக்கணக்குல வித்துச்சு, இன்னைக்கும் விக்குது, அந்தக் கணக்குல இவங்களுக்கு ஒண்ணும் வராது. அன்னைக்கு இருந்த வழக்கம் அதுதான், யாரும் ஏமாத்தினாங்கன்னு நான் சொல்ல வரல, ஆனா வழக்கம்னு சொல்லிட்டா நியாயம் ஆயிடுமா என்ன.

முதல் புத்தகத்துல லூசிங்கிற பொண்ணும் டம்னஸும் வர்ற படத்தைப் பாத்திருப்பீங்க. டம்னஸ் ஆட்டுக் காலோட ஒரு ஆள், கையில குடை, பார்சல் பொட்டலங்கள், வால் பனியில பட்டு நனையக் கூடாதுன்னு அதை எடுத்து கை மேல போட்டிருக்கார். அது லூயிஸ் எழுதினதுதான். ஆனா பனியைப் பாருங்க, பெரும்பாலும் வெறும் பேப்பர். வெள்ளையை விட்டுட்டு மரத்தை மட்டும் மையில போட்டா மிச்சமெல்லாம் பனியாயிடுது. ஆள்களும் சின்னதாத்தான் இருப்பாங்க. வேற ஒருத்தர்னா முகத்தைப் பெருசா போட்டு கண்ணுல ஆச்சரியத்தைக் காட்டியிருப்பாங்க. இவங்க ஆளைச் சின்னதாக்கி காட்டைப் பெருசாக்கிடுவாங்க, படிக்கற குழந்தைக்கு அந்தக் காட்டுக்குள்ள தானும் நிக்க இடம் கிடைச்சிடும். மேப் போட்ட கைங்க அது, காலி இடத்துக்குப் பயப்படாது.

இப்போ லூயிஸ் விஷயத்துக்கு வர்றேன், இதுல எனக்கு கொஞ்சம் கோபம் உண்டு. ரெண்டு பேரும் நேர்ல பாத்துக்கிட்டது ரொம்பக் குறைச்சல், மத்ததெல்லாம் லெட்டர்தான். நேர்ல ரொம்ப மரியாதையா நடந்துக்குவார். ஒரு படத்துல துடுப்பு போடறவன் தப்பான பக்கம் பாத்து உக்காந்திருக்கான்னு சொல்லியிருக்கார், நியாயமான திருத்தம். குழந்தைங்க முகம் ரொம்ப சாதாரணமா இருக்கே, கொஞ்சம் அழகா போடலாமான்னு கேட்டிருக்கார், சரி. மேப் வேணும்னு கேட்டப்போ என்ன மாதிரின்னு அவர் எழுதினது அருமையான லெட்டர்: சர்வே ஆபீஸ் மேப் மாதிரி வேண்டாம், பழைய காலத்து மேப் மாதிரி மலையும் கோட்டையும் படமா இருக்கணும், மூலையில காத்து ஊதற முகங்கள், கடல்ல கப்பலும் திமிங்கிலமும் டால்ஃபினும். கடற்படை மேப் போட்டவங்ககிட்ட போயி இதைக் கேட்டிருக்கார், எவ்வளவு பொருத்தம் பாருங்க.

ஆனா பின்னாடி என்ன சொன்னார்? 1955ல டோரத்தி சேயர்ஸ்னு இன்னொரு பெரிய எழுத்தாளருக்கு, இது நமக்குள்ள இருக்கட்டும்னு சொல்லிட்டு எழுதறார். இந்தப் பொண்ணுக்கு மிருகங்களோட உடம்பு அமைப்பே தெரியாது, இந்தக் கடைசிப் புத்தகத்துலதான் ஒருவழியா குதிரை வரையக் கத்துக்கிட்டா, செடி கொடி நல்லா போடுவா, வயசான அம்மாவைக் காப்பாத்தணும் போல, வேலை தேவையா இருந்துச்சு, தொட்டா சுருங்கற சுபாவம், அதனால குறையைச் சொல்லவும் முடியலன்னு. லூயிஸ் 1963ல போயிட்டார். அந்த லெட்டர்களெல்லாம் அச்சுல வந்தப்புறம்தான் பாலினுக்கு இது தெரியுது, சிங்கம் வரையத் தெரியாதுன்னு அவர் யார்கிட்டயோ சொன்னதும் தெரியுது. மனசு கஷ்டப்பட்டிருக்காங்க. படாம?

அவர் சொன்னது முழுப் பொய்னும் சொல்ல மாட்டேன். சில படத்துல ஆஸ்லான், அதான் நார்னியா கதையில வர்ற சிங்கம், கொஞ்சம் பொம்மைச் சிங்கம் மாதிரிதான் இருக்கும், அதை மறைச்சு என்ன ஆகப்போகுது. ஆனா அவங்க வந்த வழி அந்தச் சுவடி வழி. அரசாங்க முத்திரையில நிக்கற சிங்கத்துகிட்ட போயி எலும்பு எண்ணிப் பாப்பீங்களா? பேசற சிங்கம், வாள் சுத்தற எலி, இதுக்கெல்லாம் மிருகக்காட்சி சாலை உடம்பு அமைப்பு சரியா இருந்தா கதைதான் உடையும். ரீப்பிச்சீப் எலியை அவங்க போட்டது பாருங்க, எலியாவும் இருக்கு, மானம் பெருசுன்னு நிக்கற வீரனாவும் இருக்கு, அதை உடற்கூறு படிச்சு போட முடியாது. லூயிஸ் மேல உள்ள கோபத்தோட இன்னொண்ணும் சொல்லிடறேன், நார்னியா கடைசிப் புத்தகத்துக்கு, குழந்தைங்க புத்தகத்துக்குக் கொடுக்கற கார்னகி மெடல் கிடைச்சு பாலின் வாழ்த்து எழுதினப்போ, அது நம்ம ரெண்டு பேரோட மெடல் இல்லையான்னு பதில் எழுதினவரும் அதே லூயிஸ்தான். மனுஷன் அப்படி இப்படித்தான்.

1961ல கல்யாணம். ஃப்ரிட்ஸ் காஷ்னு ஒரு ஜெர்மன்காரர், ஜெர்மன் தளபதி ரோமல் படையில இருந்து கைதியாகி, யுத்தம் முடிஞ்சும் ஊருக்குப் போகாம இங்கிலாந்துலயே தங்கிட்டவர், நாய்க்குக் கறி வண்டியில கொண்டு வந்து விக்கறவர். அப்படித்தான் பழக்கம். அப்புறம் தோட்ட வேலை பாத்தார். சர்ரேயில டாக்கன்ஃபீல்டுங்கிற கிராமத்துல ஒரு குடிசை வீடு, அங்கயே கடைசி வரைக்கும்.

விருதுன்னு பாத்தா 1968ல, நாவலுக்கு இல்ல, ஒரு அகராதிக்கு. இடைக்கால வீரர்கள், கவசம், குதிரை, கொடி, சின்னம் எல்லாத்துக்கும் ஒரு டிக்ஷனரி, கிரான்ட் யூடன் எழுதினது. கிட்டத்தட்ட 600 படம், ரெண்டு வருஷ வேலை. கேட் கிரீன்அவே மெடல் கிடைச்சது, அங்க குழந்தைங்க புத்தக ஓவியருக்கு அப்போ அதுதான் உச்சம். என்னைக் கேட்டா அவங்களோட சிறந்த வேலை இதுதான், நார்னியா கூட ரெண்டாவதுதான். ஆசிரியரோட கண்ணு முதுகுக்குப் பின்னாடி இல்லாம, தனக்குப் பிடிச்ச காலத்துல இஷ்டத்துக்கு விளையாடியிருக்காங்க.

அதுக்கப்புறம் 1970ல, டோல்கீன் கதை நடக்கற உலகமான மிடில் எர்த்தோட மேப் போஸ்டர். மேல கதாநாயகன் ஃப்ரோடோவோட கூட்டம் ஒன்பது பேர், கீழ எதிரிங்க, நடுவுல மேப், சின்னச் சின்னதா இடங்களோட படம். டோல்கீனுக்கு அந்த இடங்களோட படம் ரொம்பப் பிடிச்சது, மேலயும் கீழயும் இருக்க ஆள்களைத்தான் பிடிக்கல. இந்த வேலைக்காக பாலின் தன்கிட்ட இருந்த புத்தகத்துல இருந்து மேப்பைக் கிழிச்சு அவர்கிட்ட கொடுக்க, அவர் பச்சை மையிலயும் பென்சில்லயும் எழுதித் தள்ளியிருக்கார். கதையில வர்ற ஊருங்க எங்க இருக்குன்னு, ஹாபிட்டன் ஆக்ஸ்ஃபோர்ட் இருக்கற அட்சரேகையில, மினாஸ் டிரித் இத்தாலியில ரவென்னா அளவுக்கு, தெற்குல காலியா கிடக்கற கட்டத்துல யானை போடலாம், ஒட்டகமும் போடலாம்னு. ஒரு எழுத்தாளர் தன்னோட உலகத்தை ஒரு ஓவியர்கிட்ட ஒப்படைக்கறப்போ எப்படிப் பேசிக்குவாங்கன்னு பாக்கணும்னா இந்த ஒத்தைத் தாள் போதும்.

பாலின் 2008ல இறந்தாங்க, 85 வயசு. தன்கிட்ட இருந்த படங்களையும் புத்தகங்களையும் அமெரிக்காவுல வில்லியம்ஸ் காலேஜுக்கு எழுதி வச்சிட்டாங்க. அதுக்கு பத்து வருஷம் முன்னாடி, லூயிஸோட நூற்றாண்டுக்காக 1998ல, இருபத்தி சொச்சம் வயசுல ஆரம்பிச்ச அந்தக் கருப்பு வெள்ளைப் படங்களுக்கெல்லாம் எழுபத்தஞ்சு வயசுல உக்காந்து கலர் கொடுத்தாங்க. எனக்கு கருப்பு வெள்ளைதான் பிடிக்கும், கலர் வந்ததும் அந்தப் பேப்பர் பனி போயிடுச்சு. பேரன் பேத்திங்களுக்கு வாங்கறவங்க கலர் எடிஷன்தான் வேணும்னு நிப்பாங்க, அதுவும் தப்பில்ல.

அந்தப் பச்சை மை மேப் அவங்க புத்தகத்துக்குள்ளயே மடிச்சு கிடந்திருக்கு. 2015ல ஆக்ஸ்ஃபோர்ட்ல பிளாக்வெல்ஸ் கடையில கண்டுபிடிச்சு 60,000 பவுண்டுன்னு விலை வச்சாங்க, அடுத்த வருஷம் ஆக்ஸ்ஃபோர்ட் யுனிவர்சிட்டியோட போட்லியன் லைப்ரரி வாங்கிடுச்சு. நியூஸ்பேப்பர்ல எல்லாம் டோல்கீன் கையெழுத்து, டோல்கீன் குறிப்புன்னுதான் தலைப்பு. அவர் யாருக்காக அதை எழுதினார்ங்கறது நியூஸ்ல உள்ள எங்கயோ ஒரு வரி.

நேரம் ஆச்சுன்னு தலைவர் சீட்டு அனுப்பிட்டார். ரெண்டு எடிஷனும் கொண்டு வந்திருக்கேன், கருப்பு வெள்ளை ஒண்ணு, கலர் ஒண்ணு, வரிசையா கை மாத்தி விடுங்க. டம்னஸ் படம் முதல் அத்தியாயத்துலயும் ரெண்டாவதுலயும் தேடிப் பாருங்க, பாத்துட்டு எனக்கு எதிரா யாராவது கலருக்கு வக்காலத்து வாங்கறதா இருந்தா மைக் அவங்களுக்குத்தான்.