சுவரைக் காப்போம்: மாநில லீக்கும் பதினெட்டு வயது டிராஃப்டும்

(அடிலெய்டில், ஆஸ்திரேலியக் கால்பந்தின் மாநில லீக் ஆதரவாளர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நாம் கூடியிருக்கும் இந்த நிலத்தின் பாரம்பரிய உரிமையாளர்களான கௌர்னா மக்களுக்கும் அவர்களுடைய மூத்தோருக்கும் முதல் வணக்கம். கூட்டத்தின் தலைவர் அவர்களே, வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் மாநகராட்சி உறுப்பினர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் அணித்தலைவர் அவர்களே, பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணியின் பயிற்சியாளர் அவர்களே, சனிக்கிழமைதோறும் வெயிலிலும் மழையிலும் வாசலில் நின்று நமக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் பெரியவர் அவர்களே, சிற்றுண்டிக் கடையில் நிற்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். இவர்களைக் குறிப்பிடாமல் பேச்சைத் தொடங்க எனக்கு மனமில்லை. மாநில லீக் என்பதே இவர்கள்தான்.

டிராஃப்ட், அதாவது தேசிய லீக்கான ஏ.எஃப்.எல்.லின் கிளப்புகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை, அதற்கான வயதை 18லிருந்து 19 ஆக்க வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். அதற்காக மூன்று விஷயங்களைப் பேசப் போகிறேன். ஒன்று, மாநில லீக்கில் காலம் எடுத்து முதிரும் வீரர்கள். இரண்டு, ஏ.எஃப்.எல். கிளப்புகளின் ரிசர்வ்ஸ் அணிகள், அதாவது இரண்டாம் நிலை அணிகள், நம் லீக்கில் விளையாடுவது. மூன்று, பணமும் மைதானமும். மூன்றுக்கும் அடியில் ஒரே பழமொழி இருக்கிறது: சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்.

எது சுவர் என்று சொல்லிவிடுகிறேன்: நம் மாநில லீக்தான். நம் தென் ஆஸ்திரேலிய லீக் 1877இல் தொடங்கியது. ஏ.எஃப்.எல்.லின் தாயான விக்டோரிய லீக் ஆடத் தொடங்கியது 1897இல். 1990இல்தான் அது ஏ.எஃப்.எல். என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1976இல் ஸ்டர்ட்டும் போர்ட் அடிலெய்டும் மோதிய இறுதிப் போட்டிக்கு ஃபுட்பால் பார்க்கில் 66,897 பேர் திரண்டார்கள். 1991இல் ஏ.எஃப்.எல்.லில் அடிலெய்ட் குரோஸ் அணி வந்தது, 1997இல் போர்ட் அடிலெய்ட் ஏ.எஃப்.எல்.லுக்குப் போனது. கூட்டம் அவற்றோடு போனது. ஆனால் பையன்கள் இன்னும் நம் கிளப்புகளில்தான் வளர்கிறார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டோர், ரிசர்வ்ஸ், லீக் என்று ஒரே கிளப்புக்குள் படிப்படியாக ஏறுகிறார்கள். விக்டோரியாவில் 1992இலேயே இளையோரைத் தனிப் போட்டிக்குப் பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே உடைமாற்றும் அறையில் பதினேழு வயதுப் பையனுக்குப் பக்கத்து அலமாரியில் முப்பது வயது வீரர் கிடையாது. இங்கே உண்டு. அந்த அண்ணன் கற்றுத்தருவதை எந்த அகாடமியும் கற்றுத்தராது என்பது என் உறுதியான நம்பிக்கை.

இப்போது ஒரு கதை. உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான், ஆனால் இந்தக் கதையை எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம்.

மார்லியன் பிக்கெட். மேற்கு ஆஸ்திரேலியாவின் நூங்கார் இனத்து இளைஞர். வாழ்க்கையின் தொடக்கத்திலேயே சறுக்கினார். திருட்டுக் குற்றத்துக்காக இரண்டரை ஆண்டுகள் சிறை. அப்படிப்பட்டவரைப் பதினெட்டு வயதில் எந்த ஏ.எஃப்.எல். கிளப் திரும்பிப் பார்க்கும்? பார்க்கவில்லை. சவுத் ஃப்ரீமேன்டில் பார்த்தது. மாநில லீக் கிளப் ஒன்று கதவைத் திறந்து, வா, வந்து விளையாடு என்றது. ஆண்டுகள் போயின. ஒவ்வொரு நவம்பரிலும் டிராஃப்ட் வரும், பெயர்கள் வாசிக்கப்படும், அவர் பெயர் இருக்காது. அவர் மறுபடியும் சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்து நிற்பார்.

2019இல் பருவத்தின் நடுவே ஒரு டிராஃப்ட் வைத்தார்கள். ஏ.எஃப்.எல். கிளப்பான ரிச்மண்ட் அவரை எடுத்தது. அப்போது அவருக்கு வயது 27. எடுத்தும் முதல் அணியில் இடமில்லை, ரிசர்வ்ஸில்தான் விளையாடினார். செப்டம்பரில் ரிச்மண்ட் ரிசர்வ்ஸ் விக்டோரியாவின் மாநில லீக்கான வி.எஃப்.எல்.லின் கோப்பையை வென்றது. அந்த இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் யார்? பிக்கெட்! அடுத்த வாரமே ஏ.எஃப்.எல். இறுதிப் போட்டி. ஒருவர் காயமடைந்தார், ஓரிடம் காலியானது. பயிற்சியாளர் டேமியன் ஹார்ட்விக் யாரைக் கூப்பிட்டார்? ஒரு ஏ.எஃப்.எல். ஆட்டம்கூட ஆடாத பிக்கெட்டை! 1952க்குப் பிறகு இறுதிப் போட்டியில் அறிமுகமானவர் எவருமில்லை. அறுபத்தேழு ஆண்டுகள், ஐயா!

மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம், ஒரு லட்சம் பேர். எவருக்கும் கால்கள் நடுங்கவேண்டிய இடம். அந்த மனிதர் என்ன செய்தார்? நடுக்களத்தில் பந்தை எடுத்து, பாய்ந்து வந்தவருக்கு ஒரு சுழல் சுழன்று தப்பி, நிதானமாக உதைத்து அனுப்பினார். நான் தொலைக்காட்சிக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டேன். இருபத்திரண்டு முறை பந்து அவர் கைக்கு வந்து வெளியேறியது. மூன்றாவது கால்பகுதியில் கோலும் அடித்தார். சக வீரர்கள் அத்தனை பேரும் ஓடிவந்து அவர் மேல் விழுந்தார்கள். ரிச்மண்ட் 89 புள்ளிகளில் வென்றது. அந்த நடுக்கமில்லாத கால்களை உருவாக்கியது எது? பெரியவர்களோடு மோதி மோதிக் கழித்த மாநில லீக் ஆண்டுகள். சுவர் இருந்தால்தான் சித்திரம்!

அவர் ஒருவர் மட்டும்தானா என்று கேட்பார்கள். அதே சவுத் ஃப்ரீமேன்டிலிலிருந்து டிம் கெல்லி 23 வயதில் ஜீலாங்குக்குப் போனார். இரண்டாம் ஆண்டிலேயே ஆல்-ஆஸ்திரேலியன், அதாவது ஆண்டின் சிறந்த வீரர்கள் அணியில் இடம். ஜேம்ஸ் போட்சியட்லி 28 வயதில் அறிமுகமாகி 2011இல் கோப்பை வென்றார். மேட் பிரிடிஸ் 2006இல் சுபியாக்கோ கிளப்புக்காக விளையாடி, மேற்கு ஆஸ்திரேலிய லீக்கின் சிறந்த வீரருக்கான சாண்டோவர் பதக்கம் வென்றவர். 2014இல் நாட்டின் மிகப் பெரிய விருதான பிரவுன்லோ பதக்கத்தையும் வாங்கினார். இளம் வயதில் டிராஃப்டில் அவரை எவரும் விரும்பி எடுக்கவில்லை. நம் வெஸ்ட் அடிலெய்டிலிருந்து ஜான் நோபிளும் 2019இன் அதே டிராஃப்டில்தான் காலிங்வுட்டுக்குப் போனார்.

இரண்டாவது விஷயம், ரிசர்வ்ஸ் அணிகள். 2014 முதல் நம் லீக்கில் இரண்டு ஏ.எஃப்.எல். கிளப்புகளின் ரிசர்வ்ஸ் விளையாடுகின்றன. மேற்கு ஆஸ்திரேலிய லீக்கில், ஏ.எஃப்.எல். கிளப்பான ஃப்ரீமேன்டிலின் பட்டியல் வீரர்களைச் சேர்த்துக்கொண்ட பீல் தண்டர் அணி 2016, 2017 இரண்டு கோப்பைகளையும் வென்றது. ஆதரவாளர்கள் இதைப் பற்றி மைதானத்து மேட்டில் நின்று சண்டையே போடுகிறார்கள். சண்டை நியாயமானதுதான். ஆனால் அதற்குள் இன்று நுழைந்தால் நான் சொல்ல வந்தது போய்விடும். நான் சொல்ல வந்தது டிராஃப்ட் வயது!

டிசம்பர் 31க்குள் 18 வயது நிறைந்தால் போதும் என்பது இன்றைய விதி. அந்தப் பையனுக்கு அது எப்படிப்பட்ட ஆண்டு? பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு. அதே ஆண்டில் மாநிலங்களுக்கிடையிலான இளையோர் போட்டி. அக்டோபரில் இருபது மீட்டர் ஓட்டம், இரண்டு கிலோமீட்டர் ஓட்டம், எம்பிக் குதிக்கும் உயரம் என்று அளவெடுப்பு. நவம்பரில் ஓர் இரவில் அவன் எந்த ஊருக்குப் போவான் என்று யாரோ முடிவெடுக்கிறார்கள். எலும்பு முற்றாத உயரமான பையனை வேறு மாநிலத்துக்கு அனுப்பிவிட்டு, மூன்றாம் ஆண்டில் பட்டியலிலிருந்து நீக்குகிறார்கள். அவன் திரும்பி வரும்போது யார் வரவேற்கிறார்கள்? இங்கே உட்கார்ந்திருக்கும் நீங்கள்.

ஜோயல் செல்வுட்டைப் பார், முதல் ஆண்டான 2007லேயே கோப்பை வென்றாரே என்று எதிர்த்தரப்பு நண்பர்கள் சொல்வார்கள். அவர் அபூர்வப் பிறவி. அபூர்வப் பிறவிகளை அளவுகோலாக வைத்து மற்ற நூறு பையன்களுக்கு விதி எழுதுவது தவறு. ஓராண்டு காத்திருந்தால் பிள்ளைகள் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவார்கள் என்றும் சொல்கிறார்கள். லீக் அணியில் இடமும் ஊதியமும் கொடுத்துப் பாருங்கள், எங்கே போகிறார்கள் என்று நானும் பார்க்கிறேன். டிராஃப்ட் வயது 19 ஆகட்டும். அந்த ஓராண்டு நம் லீக் அணிகளில் கழியட்டும். தேர்வை முடித்த மனத்தோடு, வளர்ந்த உடம்போடு அவர்கள் போகட்டும். சுவர் காய்ந்த பிறகு சித்திரம் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். பணமும் மைதானமும் அடுத்த கூட்டத்துக்கு இருக்கட்டும். வாசலருகே மேசையில் கோரிக்கை மனு வைக்கப்பட்டிருக்கிறது. பெயர், முகவரி, கையெழுத்து மூன்றையும் தெளிவாக எழுதுங்கள். பக்கத்து மேசையில் அடுத்த பருவத்துக்கான உறுப்பினர் படிவம் கிடைக்கும். வாய்ப்பளித்த நிர்வாகக் குழுவினருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.