சாக விடாத வைரஸ்

நண்பர்களே, வணக்கம்.

வைரஸ் என்றாலே செல்லைக் கொல்வது என்றுதான் நினைக்கிறோம். நான் சொல்ல வந்தது நேர்மாறான கதை. பல வைரஸ்கள், தாங்கள் குடியேறிய செல்லைச் சாக விடாமல் பிடித்து வைக்கப் படாதபாடு படுகின்றன.

வைரஸ் நுழைந்த செல்லை, உடலின் நோயெதிர்ப்புப் படையைச் சேர்ந்த கொல்லும் டி செல் அடையாளம் கண்டால் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். பெர்ஃபோரின் என்ற புரதத்தால் சவ்வைத் துளைத்து, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே அனுப்பும். அது காஸ்பேஸ் நொதிகளைத் தட்டி எழுப்பும். அப்புறம் செல்லின் புரதங்கள் வெட்டுப்படும், டிஎன்ஏ துண்டாகும், சவ்வு கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிச் சின்னப் பைகளாகப் பிரியும். 1972ல் கெர், வைலி, கர்ரி மூவரும் இப்படிச் சாவதற்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். வைரஸ் பெருகி முடிக்கும் முன்பே இது நடந்துவிட்டால் அதன் பிழைப்பு போச்சு.

பூச்சிகளைத் தாக்கும் பாக்குலோவைரஸைப் பாருங்கள். அதனிடம் பி35 என்றொரு புரதம் உண்டு. காஸ்பேஸ் அதை இரை என்று நினைத்து வெட்டும். வெட்டிய இடத்திலேயே சிக்கிக்கொள்ளும், மீளவே முடியாது. பி35 மரபணு பழுதான வைரஸ் புகுந்த பூச்சி செல்கள் கொப்புளித்துச் சீக்கிரமே செத்துப்போவதை 1991ல் கண்டார்கள். எனக்கு இது இன்றும் வியப்புத்தான்: ஒரே ஒரு புரதம், அவ்வளவு வேலை!

சரி, செல் சும்மா இருக்குமா? காஸ்பேஸ்களில் ஒன்றான காஸ்பேஸ்-8ஐ வைரஸ் முடக்கினால், செல்லுக்கு நெக்ரோப்டோசிஸ் என்ற இரண்டாவது வழி உண்டு. சவ்வே கிழிந்து செல் வெடிக்கும். ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் அந்த வழியையும் ஐசிபி6 என்ற புரதத்தால் அடைக்கிறது. ஆனால் மனித செல்லில்தான் இந்த வித்தை பலிக்கும். எலியின் செல்லில் அதே புரதம் நெக்ரோப்டோசிஸைத் தூண்டிவிடுகிறது! காலங்காலமாக மனிதருடன் பழகிய வைரஸ் நம் பூட்டுக்கென்றே சாவி செய்து வைத்திருக்கிறது.

அந்தச் சாவிகளைப் பார்த்துத்தான் பூட்டு எங்கே இருக்கிறது என்று நாமும் கற்றுக்கொண்டோம். 1993ல் பாக்குலோவைரஸில்தான் ஐஏபி என்ற இன்னொரு காப்புப் புரதம் முதலில் தெரியவந்தது. அதன் உறவுகள் நம் செல்களிலும் இருப்பது பிறகு புரிந்தது. பல புற்றுநோய்களில் அவை அளவுமீறிப் பெருகி, சாக வேண்டிய செல்லைச் சாக விடாமல் வைத்திருக்கின்றன. அந்தப் பிடியைத் தளர்த்தும் மருந்துகள் நோயாளிகளிடம் சோதனைக்கே வந்துவிட்டன.