புது அறை ஏன் பழைய வீட்டை விட்டு விலகுது? வன்னி மண்ணுக்கு எந்த அத்திவாரம்?

[திரையில்: புதுச் சுவரும் பழைய சுவரும் சேருற மூலை]

இந்த வெடிப்பைப் பாருங்கோ. மேலை ஒரு விரல் போகும், கீழை நகம்கூடப் போகாது. கல்லும் நல்லது, சீமெந்தும் நல்லது. பிழை நிலத்துக்குக் கீழை கிடக்கு.

வணக்கம் உறவுகளே. இந்திய வீட்டுத்திட்ட வீடு 550 சதுர அடி. பிள்ளையள் வளர, வன்னியில கனபேர் ஒரு அறையோ குசினியோ கூட்டிக் கட்டுகினம். பழைய வீடு பத்து மாரி கண்டு, இறங்கிறதெல்லாம் இறங்கி இருந்திட்டுது. புது அறை இனித்தான் இறங்கும். ரெண்டையும் கல்லுக்குக் கல் கோத்துக் கட்டினா வெடிக்காமல் என்ன செய்யும்? ஒரு அங்குலம் இடைவெளி விட்டு, ரெஜிபோம் வைச்சு, வெளியில சீலன்ட் அடியுங்கோ. புதுக் கூரையின்ர பாரத்தையும் பழைய சுவரில ஏத்தாதேங்கோ.

இனி மண். கிறவல் கலந்த மேட்டுக்காணி எண்டா கருங்கல் அத்திவாரம் தாராளம்: 2 அடி அகலம், 3 அடி ஆழம், அடியில 3 அங்குலம் 1:3:6 (சீமெந்து, மணல், சல்லி) கொங்கிறீற், அதுக்கு மேலை 1:5 (சீமெந்து, மணல்) சாந்தில கருங்கல். 12க்கு 10 அறைக்கு மூண்டு பக்கமும் 32 அடி ஓட்டம். 192 கன அடி, கிட்டத்தட்ட 2 கியூப் வேலை (ஒரு கியூப் எண்டா 100 கன அடி). முல்லைத்தீவுக் கரையோர மணலில கிடங்கு சரியும், தண்ணி ஊறும். அங்க ஆழத்தைக் குறைச்சு, அகலமாக் கம்பி கட்டின கொங்கிறீற் போடுங்கோ, உவர்த் தண்ணியில குழைக்காதேங்கோ.

[திரையில்: கோடையில பிளந்து கிடக்கிற வயல்]

உண்மையான வில்லங்கம் இதுதான். மன்னார் முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி. ஒருகாலம் காங்கேசன்துறை சீமெந்து ஆலைக்குக் களிமண் போனது முருங்கனில இருந்துதான். சீமெந்துக்கு உதவின மண், சீமெந்துச் சுவரை உடைக்கிறதை நினைச்சுப் பாருங்கோ! மாரியில தண்ணியைக் குடிச்சு ஊதி வீட்டைத் தூக்கும். கோடையில சுருங்கிக் கீழை விடும். வருசா வருசம் இதே வேலை.

உங்கட காணியில அது இருக்கோ? ஒரு மீன்ரின் போதும். 3 அடி ஆழத்து மண்ணைக் கல், வேர் இல்லாமல் எடுத்து, கூழ்ச்சேறாக் குழையுங்கோ. ரின்னுக்குள்ளை தேங்காயெண்ணெய் பூசி, ஒரு அங்குல உயரத்துக்கு நிரப்பி, காத்துக் குமிழ் போகத் தட்டுங்கோ. நிழலில ஒரு கிழமை, பிறகு வெயில். காய்ஞ்ச மண்ணை நடுவில வைச்சுப் பாருங்கோ. சுத்திவர விளிம்பில தீக்குச்சியின்ர தலைப்பக்கம் இலேசா இறங்கினா, அந்த மண்ணில கருங்கல் அத்திவாரத்தை நம்பாதேங்கோ. மண்பரிசோதனைக்கு இது ஈடில்லை. ஆனா பொறியியலாளரைக் கூப்பிட வேணுமோ எண்டதை இந்த ரின் சொல்லும்.

அப்பிடியான காணிக்குக் கொலம்தான், அதாவது கம்பி கட்டின கொங்கிறீற் தூண். மாரிக்கும் கோடைக்கும் ஈரம் மாறாத ஆழத்துக்குக் கிண்டுங்கோ. 5 அடிக்கு மேலையும் போகலாம். கொலத்தின்ர அடிப்பாதத்தையும் கம்பியையும் பொறியியலாளர் கணக்குப் பார்த்துத் தரட்டும். கொலங்களுக்கு மேலை சுவரைத் தாங்கிற நிலமட்ட பீமை மண்ணில இருத்தாதேங்கோ! அடியில 3 அங்குல வெளி வேணும். அந்த வெளி இல்லாட்டி, ஊதுற களி பீமை அடியில இருந்து தள்ளும்; கொலத்துக்குக் கொட்டின காசு முழுக்க வீண். தரைக்குக் களியை நிரப்பாமல் கிறவலைப் போட்டு, 6 அங்குலத்துக்கு ஒருக்கா இடியுங்கோ. சுவரைச் சுத்தி 3 அடி அகலத்துக்குக் கொங்கிறீற் போட்டால் கூரைத்தண்ணி அடிக்குப் போகாது. வேப்பமரம் நிண்டா, அதின்ர உயரமளவு தள்ளியே கட்டுங்கோ.

மாடி வைக்கிற எண்ணம் இருந்தா, எந்த மண்ணிலயும் இப்பவே கொலம்.

[திரையில்: பழைய அத்திவாரத்தின்ர ஓரம்]

இதில கவனமா இருங்கோ, உயிர் போற விசயம். பழைய அத்திவாரத்தைவிட ஆழமா, அதை ஒட்டி ஒரே நீட்டுக்குக் கிண்டினா அடிமண் கிடங்குக்குள்ளை சரியும், சுவரும் கூடவே வரும். ஒட்டிக் கிண்டாமல் விலகிப் போகலாம்: எத்தினை அடி கூட ஆழமோ, அத்தினை அடியாவது விலகுங்கோ. இடமில்லாட்டி 3, 4 அடித் துண்டாக் கிண்டி, ஒண்டைக் கட்டி முடிச்சு, அது இறுகின பிறகு பக்கத்துத் துண்டைத் திறவுங்கோ. எல்லாம் ஐப்பசி மழைக்கு முன்னம் நிலமட்டத்துக்கு வந்திட வேணும்.

உங்கட ரின் மண் எவ்வளவு சுருங்கினது? ஊர்ப்பேரோட கீழை எழுதுங்கோ. பக்கத்து வளவுக்காரருக்கும் உதவும்.