பிக்சீஸ் பாடகர் நாஷ்வில் போய் நாலு நாள்ல செஞ்ச ஆல்பம்: ‘ஹனிகோம்ப்’ எப்படி உருவாச்சு?

[திரையில்: ஆல்பம் அட்டை. பின்னணியில் வுர்லிட்ஸர் எலெக்ட்ரிக் பியானோ.]

பிக்சீஸ்ங்கிற அமெரிக்க ராக் பேண்டைக் கேட்டவங்களுக்கு அந்தப் பாடகரோட அலறல் மறக்காது. வெர்ஸ் அடக்கமா போகும், கோரஸ் வந்ததும் வெடிக்கும். 90-கள்ல வந்த பல ஆல்டர்நேட்டிவ் பேண்டுகள் பிடிச்சுக்கிட்ட வழி அது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் சார்லஸ் தாம்ப்சன். பேண்டுல அவர் பேரு பிளாக் ஃபிரான்சிஸ். 1993-ல பேண்ட் கலைஞ்சதும் பேரைத் திருப்பிப் போட்டு ஃபிராங்க் பிளாக் ஆனார்.

2005 ஜூலையில அவர் விட்ட ‘ஹனிகோம்ப்’ ஆல்பத்துல பெரும்பாலும் பேசுற அளவுக்குத்தான் குரலை விடுறார். கன்ட்ரியும் சோலும் கலந்த மெதுவான ராக். ஆனா பாணி மாறினது மட்டும் இதைப் பழைய தெற்கத்தி இசையோட வேர்ல இருந்து வந்த ஆல்பமா ஆக்கல. பதிவு பண்ண முறைதான் ஆக்குச்சு. அதைத்தான் இந்த வீடியோவுல பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

[திரையில்: நாஷ்வில் வரைபடம்.]

பதிவு நடந்தது 2004 ஏப்ரல்ல, நாஷ்வில்ல, பாடலாசிரியர் டான் பென்னோட வீட்டு ஸ்டுடியோவுல. தயாரிப்பாளர் ஜான் டிவென். 14 பாட்டு, நாலே நாள். அதே ஏப்ரல் 13-ம் தேதி மினியாபொலிஸ்ல பிக்சீஸ் மறுபடி மேடை ஏறினாங்க. உலகமே எதிர்பார்த்த அந்தக் கச்சேரிக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, மனுஷன் இங்க அமைதியா உட்கார்ந்து பாடிக்கிட்டிருந்தார்.

வாசிச்சவங்க பட்டியலைப் பாருங்க. கிட்டார் ஸ்டீவ் க்ராப்பர்: மெம்பிஸ் ஊரு ஸ்டாக்ஸ் ரெக்கார்டு கம்பெனியோட நிரந்தர பேண்டுல இருந்தவர். இன்னொரு கிட்டார் ரெஜி யங்: 1969-ல எல்விஸ் மெம்பிஸ் வந்து பதிவு பண்ணப்போ வாசிச்சவர். கீபோர்டு ஸ்பூனர் ஓல்ட்ஹாம்: 1967-ல அரீதா ஃபிராங்க்ளினோட முதல் பெரிய ஹிட்டுல அந்த வுர்லிட்ஸர் எலெக்ட்ரிக் பியானோ இவர் கைதான். பாஸ் கிட்டார் டேவிட் ஹுட், அலபாமா மசில் ஷோல்ஸ் ஆளு. தெற்கத்தி சோல் இசையோட ரெண்டு ஊரு, மெம்பிஸும் மசில் ஷோல்ஸும், ஒரே வீட்டுல கூடிடுச்சு.

இப்போ முக்கியமான கேள்வி. இதுவரைக்கும் கேட்காத பாட்டை இவங்க எப்படி ஒரே நாள்ல மூணு, நாலுன்னு முடிக்கிறாங்க?

[திரையில்: கையால் எழுதிய நம்பர் சார்ட்.]

நாஷ்வில்ல இதுக்கு வழக்கமான வழி நம்பர் சார்ட். 1950-களோட கடைசியில ஜோர்டனேர்ஸ் குழுவுல பாடின நீல் மேத்யூஸ் கொண்டுவந்தது. கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு) பேருக்குப் பதிலா ஸ்கேல்ல அது எத்தனாவது இடம்னு எழுதுவாங்க. ஸ்ருதி ஜி-னா, 1 ஜி, 4 சி, 5 டி. பாடகருக்கு ஸ்ருதி ஒரு படி ஏத்தணுமா? ஏ-ன்னு சொன்னாப் போதும். 1 ஏ, 4 டி, 5 ஈ. தாளை மாத்தவே வேண்டாம்.

ஒரு எண் ஒரு பார், அதாவது தாளத்தோட ஒரு சுற்று. ஒரே பார்ல ரெண்டு கார்டு வந்தா ரெண்டுக்கும் சேர்த்து ஒரே அடிக்கோடு. ஆல்டர்நேட்டிவ் பாட்டு எழுதுறவங்க சறுக்குறது இங்கதான். ஃபிராங்க் பிளாக் மாதிரி ஆளுங்க வரிக்கு ஏத்தபடி ரெண்டு பீட்டைக் கூட்டுவாங்க, குறைப்பாங்க. சொந்த பேண்டுக்கு அது மனப்பாடம். வெளி டிரம்மருக்குத் தெரியாது. அந்த பாருக்கு மேல 2/4-ன்னு, அதாவது இதுல ரெண்டே பீட்னு, எழுதலைன்னா டிரம்ஸ் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்.

[திரையில்: அறையின் மேல்பார்வைப் படம்.]

அடுத்தது ப்ளீட். எல்லாரும் ஒரே அறையில வாசிச்சா ஒருத்தர் சத்தம் இன்னொருத்தர் மைக்குல கசியும். சத்தம் ஒரு மீட்டர் கடக்க சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகும். ஒரே கிட்டார் ரெண்டு மைக்குக்கு ஒரு மீட்டர் வித்தியாசத்துல போய்ச் சேர்ந்தா, ரெண்டையும் கலக்கும்போது 170 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். கிட்டாரோட கனம் போயிடும். அதனால மைக் வாத்தியத்துல இருந்து 30 செ.மீ. தூரத்துல இருந்தா அடுத்த மைக் குறைஞ்சது 90 செ.மீ. தள்ளி இருக்கணும்.

இதைவிடப் பெரிய சிக்கல் குரல். ஒரு வரி தப்பாயிடுச்சுன்னு அதை மட்டும் திரும்பப் பாடினா, பழைய வரி டிரம்ஸ் மைக்குல மங்கலா கேட்டுக்கிட்டே இருக்கும். முழு டேக்கையும் மறுபடி எடுக்கணும். சத்தமா பாடினா கசிவும் அதிகம். அடக்கிப் பாடுற குரல் இந்த முறைக்கு எவ்வளவு பொருந்துதுன்னு இப்போ புரியும்.

ஃபிராங்க் பிளாக்குக்கு இது புதுசும் இல்ல. கத்தோலிக்ஸ்ங்கிற தன்னோட அடுத்த பேண்டோட 1998-ல இருந்தே எல்லா சத்தமும் அப்பவே கலந்து நேரா ரெண்டே டிராக்குல லைவா பதிவு பண்ணிப் பழகினவர். அதுல அப்புறமா டிரம்ஸைக் குறைக்கலாம், குரலை ஏத்தலாம்னு எதுவும் கிடையாது.

குறையும் உண்டு. ஆல்பத்தோட நடுவுல வேகம் ஒரே மாதிரி போகுது. பாட்டை அன்னைக்கே கத்துக்கிட்டு வாசிக்கிறவங்க, எல்லாருக்கும் வசதியான நடுத்தர டெம்போவுல போய் உட்கார்ந்துடுவாங்க. அவசர செஷன்கள்ல அடிக்கடி நடக்கிறதுதான்.

[திரையில்: ஆல்பத்தின் பாட்டுப் பட்டியல்.]

எங்க ஆரம்பிக்கலாம்? ‘டார்க் எண்ட் ஆஃப் த ஸ்ட்ரீட்’. 1967-ல ஜேம்ஸ் கார் பாடிப் புகழ்பெற்ற பாட்டு. எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர் டான் பென். பென் பாட்டை பென் வீட்டுலயே உட்கார்ந்து ஃபிராங்க் பிளாக் பாடுற துணிச்சலைக் கவனிங்க. முதல்ல ஜேம்ஸ் காரைக் கேட்டுட்டு வாங்க. அடுத்து ‘ஸ்ட்ரேஞ்ச் குட்பை’, பிரிஞ்ச மனைவியோட சேர்ந்து அவர் பாடின பாட்டு. முதல் தடவை குரலைக் கேளுங்க. ரெண்டாவது தடவை குரலை விட்டுட்டு கிட்டார்களை மட்டும் பின்தொடருங்க. பாடுற வரிக்கு நடுவுல எங்க வாசிக்காம விடுறாங்கன்னு எண்ணிக்கிட்டே வாங்க.