பேயும் காதலும் கலந்த இளையோர் நாவல்கள்: ஒரு நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்று விளக்கத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வியை அனுப்பியவர், தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த வேண்டுகோளிலேயே கேள்வியின் பாதி அடங்கியிருக்கிறது. அவர் எழுதியிருப்பதைச் சுருக்கமாகப் படிக்கிறேன்: “எனக்கு 38 வயது. பதின்ம வயதினருக்காக எழுதப்படும் பேய், இரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன் கதைகள், அவற்றோடு காதலும் வேடிக்கையும் கலந்தவை என்றால் எனக்கு உயிர். முடிவு இன்னதென்று முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் கீழே வைக்க முடிவதில்லை. முடித்ததும் பொழுதை வீணாக்கிவிட்டேனோ என்று உறுத்துகிறது. யாராவது அறைக்குள் வந்தால் புத்தகத்தைக் கவிழ்த்து வைக்கிறேன். இப்போது ஒரு தொடரின் மூன்றாம் பாகத்தில் பாதியில் நிற்கிறேன். அது மட்டும் நகர மாட்டேன் என்கிறது. கோளாறு என்னிடமா, புத்தகத்திடமா?”

வயதுக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். அதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. 12 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களுக்கென்று வெளியாகும் நூல்களை உண்மையில் வாங்குவோர் யார் என்று அமெரிக்காவில் பவ்கர் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆய்வில், வாங்குவோரில் 55 விழுக்காட்டினர் 18 வயதை எட்டியவர்கள் என்றும், அவர்களுள் 30 முதல் 44 வயதுக்காரர்களே பெரிய கூட்டம் என்றும் தெரியவந்தது. பிள்ளைகளுக்குப் பரிசளிக்க வாங்கியிருப்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். அந்த 18 வயதைக் கடந்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் தாங்கள் படிப்பதற்காகவே வாங்கியதாகச் சொன்னார்கள். எனவே கவிழ்த்து வைப்பவர் நீங்கள் ஒருவர் மட்டும் என்று எண்ண வேண்டாம்.

இனி உறுத்தலுக்கு வருகிறேன். இலேசான புத்தகம் என்றால் இலேசாக எழுதப்பட்ட புத்தகம் என்று நாம் பொருள் கொள்கிறோம். உங்கள் உறுத்தலின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன். இந்த வகை நாவல் பிறந்த விதத்தைப் பார்த்தாலே, விளையாட்டு இதில் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது இல்லை என்பது விளங்கும். இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815இல் வெடித்ததன் விளைவாக, அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடைக்காலமே கோடையாக இல்லை. மழையும் குளிருமாகக் கழிந்தது. ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு மாளிகையில், வெளியே போக வழியில்லாமல் ஐந்து பேர் அடைபட்டுக் கிடந்தார்கள். ஆங்கிலக் கவிஞர் பைரனுக்கு 28 வயது, இன்னொரு கவிஞர் ஷெல்லிக்கு 23, பைரனின் மருத்துவர் போலிடோரிக்கு 20, பின்னாளில் ஷெல்லியின் மனைவியான மேரிக்கும் அவருடைய மாற்றாந்தாயின் மகள் கிளேருக்கும் 18. பொழுது போகாமல் பேய்க்கதைகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தவர்களிடம், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் பைரன். மேரி தொடங்கிய கதை 1818இல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ ஆக வெளிவந்தது. அதன் பெருமை எல்லோருக்கும் தெரியும். நம் கேள்விக்கு வேண்டியவர் போலிடோரி. பைரன் தொடங்கிப் பாதியில் போட்ட ஒரு துண்டை எடுத்து வளர்த்து, அவர் எழுதிய காட்டேரிக் கதை 1819இல் அச்சானது. அதற்கு முன் கிழக்கு ஐரோப்பிய நாட்டார் வழக்கில் காட்டேரி என்பது புதைகுழியிலிருந்து எழுந்து வரும் ஊதிப் பெருத்த பிணம். காதலிக்கத் தக்கதாக அதில் ஒன்றுமே கிடையாது. போலிடோரிதான் அதற்கு நல்ல உடை உடுத்தி, பிரபு என்று பட்டம் கொடுத்து, வெளுத்த முகமும் மயக்கும் பேச்சுமாக விருந்துக் கூடத்துக்குள் அனுப்பிவைத்தார். கூடவே இருந்த பைரனைப் பார்த்துத்தான் அந்தப் பாத்திரத்தைச் செதுக்கினார் என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். இன்று உங்கள் நாவலில் வகுப்பறையின் கடைசி வரிசையில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அழகன், மழை விடாத ஒரு பருவத்தில் இளைஞர்கள் ஆடிய ஓர் ஆட்டத்தின் வழித்தோன்றல்.

அச்சமும் காதலும் சிரிப்பும் ஓரிடத்தில் சேர்வது மேற்கத்தியச் சரக்கு என்றும் நினைத்துவிட வேண்டாம். நற்றிணையின் 34ஆம் பாடலைப் பாருங்கள். காதலால் ஒரு பெண் மெலிகிறாள். காரணம் அறியாத வீட்டார் தெய்வம் தீண்டிவிட்டது என்று கருதி, முருகனின் பூசாரியான வேலனை அழைத்து, முருகனை வரவழைக்கும் வெறியாட்டு என்ற ஆவேச ஆட்டத்தை நடத்துகிறார்கள். உண்மை அறிந்தவள் தோழி. அவள் அங்கே எழுந்தருளிய முருகனையே பார்த்து, இந்த நோய் உன்னால் வந்ததில்லை என்று தெரிந்தும், வேலன் வேண்டினான் என்பதற்காகக் கடம்பமாலை சூடி வந்து நிற்கிறாயே, நீ கடவுளாகவே இருந்தாலும் அறியாதவன்தான், வாழ்க என்கிறாள். மறைத்த காதல், தவறாகப் புரிந்துகொண்ட பெரியவர்கள், ஆவேசம், கூர்மையான நாக்குடைய ஒரு தோழி என்று, இன்றைய நாவலுக்கு வேண்டிய அத்தனையும் சில அடிகளில் அங்கே இருக்கின்றன. சங்கப் பாடலைச் சொல்லி உங்கள் வாசிப்புக்குச் சான்றிதழ் வாங்கித் தருவது என் நோக்கமில்லை. அந்தத் தோழியின் குரல் எனக்குப் பிடிக்கும் என்பதால் சொன்னேன்.

அடுத்தது உங்கள் கேள்வியிலேயே சுவையான பகுதி: முடிவு தெரிந்தும் ஏன் கீழே வைக்க முடியவில்லை? காதல் நாவலுக்கு அமெரிக்காவின் ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் வைத்த வரையறையில் இரண்டே நிபந்தனைகள்தாம் உண்டு. கதையின் மையம் காதலாக இருக்க வேண்டும். முடிவு மனத்துக்கு நிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்க வேண்டும். ஆகவே சேர்வார்களா என்ற கேள்வியை எழுத்தாளர் தொடக்கத்திலேயே உங்களிடமிருந்து எடுத்துவிடுகிறார். அந்தக் கவலை போனதும், உங்கள் கவனம் முழுவதும் எப்போது, எப்படி என்பதன் மீது குவிகிறது. அமானுஷ்யக் கதையில் இது இன்னும் வேடிக்கையாக நடக்கும். அவன் காட்டேரி என்று பின்னட்டையிலேயே அச்சிட்டுவிட்டார்கள்; உங்களுக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியும், கதாநாயகிக்கு மட்டும் தெரியாது. அவன் எதிரே வைத்த உணவைத் தொடாமல் தள்ளி வைப்பதையும், அவன் கை சில்லென்று இருப்பதையும், எல்லோரும் எடுத்துக்கொண்ட படத்தில் அவன் நின்ற இடம் காலியாக இருப்பதையும் அவள் ஒவ்வொன்றாகக் கண்டு, ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு சாதாரணக் காரணத்தைச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்ளும்போது, நூறு பக்கங்களுக்கு நீங்கள் அவளைவிட ஓர் அடி முன்னால் நடந்துகொண்டிருக்கிறீர்கள். அந்த ஓர் அடி இடைவெளியைக் குறையாமலும் மிகாமலும் காப்பது எளிய வேலை இல்லை. இடைவெளி மிகுந்தால் அவள் மந்தபுத்திக்காரி ஆகிவிடுவாள். குறைந்தால் வேடிக்கை போய்விடும்.

காதல் கதைக்கு எப்போதும் ஒரு தடை வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இருவரும் விரும்புகிறார்கள், யாரும் மறுக்கவில்லை, கைபேசி எண்ணும் இருக்கிறது என்றால் கதை நான்காம் பக்கத்தில் முடிந்துவிடும். அமானுஷ்யம் அந்தத் தடையைக் கொண்டுவந்து தருகிறது. அவன் ஆவி என்றால் அவர்கள் கையைக் கூடத் தொட முடியாது. அதனால் ஒரு விரல் மற்றொரு விரலுக்கு அருகில் வருவதே ஓர் அத்தியாயத்தின் உச்சமாகிவிடுகிறது. அவள் முழுநிலவன்று ஓநாயாக மாறுகிறவள் என்றால், மாதத்தில் ஓர் இரவுக்கு அவள் சொல்ல வேண்டிய பொய்களிலேயே நகைச்சுவை ஊறிவிடும். இன்னொன்றும் உண்டு. பதினாறு வயதில் உடல் தன் சொல்லைக் கேட்பதில்லை, வீட்டில் ஒரு முகமும் வெளியில் ஒரு முகமும் தேவைப்படுகின்றன, யார் கண்ணுக்கும் தான் தென்படவில்லை என்று தோன்றுகிறது. உருமாறுகிறவனும், இரட்டை வாழ்க்கை வாழ்கிறவனும், கண்ணுக்குத் தெரியாத ஆவியும் அந்த உணர்வுகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைகள். 38 வயதில் அவை நமக்குப் பொருந்துகின்றன என்றால், அந்த உணர்வுகள் நாம் நினைத்த அளவுக்கு நம்மை விட்டுப் போகவில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

விதிகளைப் பற்றியும் ஒரு சொல். காட்டேரி வெயிலில் எரிந்து சாம்பலாகும் என்பது ஆதியிலிருந்தே வரும் வழக்கம் என்று பலர் நம்புகிறார்கள். 1897இல் வந்த ‘டிராகுலா’ நாவலில் அந்தப் பிரபு பகலில் நடமாடுகிறார். அவருடைய சக்திகள்தாம் பகலில் மட்டுப்படுகின்றன. வெயிலில் அழிவது 1922இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மானிய மௌனப்படத்தால் நிலைபெற்றது. ஆகவே இந்த உலகத்தில் சட்டங்களை எழுத்தாளரே இயற்றலாம். ஆனால் தாம் இயற்றிய சட்டத்தைத் தாமே மீறக் கூடாது. அழைக்காமல் வாசலைத் தாண்ட முடியாது என்று முதல் பகுதியில் சொல்லிவிட்டு, கடைசியில் அவசரத்துக்கு அவனைச் சன்னல் வழியாக உள்ளே குதிக்க விடும் எழுத்தாளரை நான் மன்னிப்பதில்லை. அதே விதியை வைத்துக்கொண்டு, கதாநாயகியின் சிறு தம்பி விளையாட்டாக “உள்ளே வாங்களேன்” என்று சொல்லிவிடுவதாக எழுதினால், பயமும் சிரிப்பும் ஒரே வரியில் கிடைக்கும். நல்ல புத்தகத்தையும் சோம்பலான புத்தகத்தையும் பிரிக்க எனக்குப் பயன்படும் உரைகல் இதுதான்.

எல்லாவற்றையும் கொண்டாடிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். எனக்கு ஒவ்வாதவையும் இந்த வகையில் உண்டு. அவள் அறியாமல் அவள் உறங்குவதை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவனை, அவன் இயல்பு அப்படி என்று சொல்லி நாயகனாக்குவது சில நாவல்களின் பழக்கம். மனிதன் செய்தால் கதவைத் தாழிடச் சொல்லும் செயல், காட்டேரி செய்தால் மட்டும் காதலாகிவிடாது. பிறவியிலேயே இன்னாருக்கு இன்னார் என்று மாயம் முடிச்சுப் போட்டுவிட்டது என்று கதையைத் தொடங்குவதும் எனக்குச் சலிப்பூட்டுகிறது; தேர்ந்தெடுக்க இடமில்லாத இடத்தில் காதலிக்க என்ன இருக்கிறது? முந்நூறு ஆண்டு வாழ்ந்தவன் எதற்காக மறுபடியும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து கணக்குத் தேர்வு எழுதுகிறான் என்ற கேள்வியை மட்டும் நான் கேட்பதில்லை. கேட்டால் பாதிப் புத்தகங்களை மூட வேண்டியிருக்கும். எனக்கு அந்த இழப்பில் விருப்பமில்லை.

பொழுது வீணானதா என்ற கேள்விக்கு என் பதில் சற்றுக் கறாரானது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, அந்த விரல்கள் நெருங்கிய பக்கத்தில் மூச்சை நிறுத்திப் படித்திருந்தால், அந்தப் புத்தகம் எந்த வேலைக்காக எழுதப்பட்டதோ அது நடந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு பயனைத் தேடி, இது என் சொல்வளத்தை வளர்த்தது, மன அழுத்தத்தைக் குறைத்தது என்று கணக்குக் காட்ட முனையாதீர்கள். ஜேன் ஆஸ்டின் மறைந்த சில மாதங்களில், 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘நார்த்தாங்கர் அபே’ நாவலில், திகில் கதைகளை விழுந்து விழுந்து படிக்கும் 17 வயது கேத்தரின், பழைய மாளிகை ஒன்றின் அலமாரிக்குள் ஒரு சுருட்டிய காகிதக் கட்டைக் கண்டெடுத்து, ஏதோ கொடூர இரகசியம் என்று இரவெல்லாம் நடுங்குகிறாள். விடிந்து பார்த்தால் அது சலவைக் கணக்கு. ஆஸ்டின் அவளைக் கேலி செய்கிறார். ஆனால் அதே நூலில், நாவல் படிப்பதை வெட்கப்பட வேண்டிய செயலாகக் கருதுவோரை அதைவிடக் கூர்மையாகக் கேலி செய்கிறார். புத்தகத்தைக் கவிழ்த்து வைக்கும் பழக்கத்துக்கு இருநூறு வயது தாண்டிவிட்டது.

கடைசியாக, நகர மறுக்கும் அந்த மூன்றாம் பாகம். நீங்கள் தொடரின் பெயரைச் சொல்லவில்லை. எனினும் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். முதல் பாகத்தில் ஒரு பெண், ஓர் ஆவி, ஒரு பழைய நூலகம், அதை இடித்துவிடப் போகிறார்கள் என்ற சிறிய ஆபத்து, அவ்வளவுதான் இருந்திருக்கும். அது விற்றதும் இரண்டாம் பாகத்தில் ஒரு பழைய சாபம் சேர்ந்திருக்கும். மூன்றாம் பாகத்தில் உலகமே அழியப் போகிறது. ஏழு குலங்கள் போருக்கு அணிவகுக்கின்றன. நாயகனும் நாயகியும் ஆளுக்கொரு திசையில் பிரிந்து கிடப்பதால் அவர்கள் ஒருவரையொருவர் வம்புக்கு இழுத்துப் பேசிக்கொள்ள வாய்ப்பே இல்லை. நீங்கள் விரும்பிப் படித்தது அந்தப் பேச்சைத்தான். அதை எழுத்தாளர் போர்க்களத்தில் தொலைத்துவிட்டார். கோளாறு புத்தகத்திடம்தான். இருவரும் மறுபடி சந்திக்கும் அத்தியாயம் எது என்று புரட்டிப் பாருங்கள். அதை மட்டும் படியுங்கள். அங்கேயும் அவர்கள் போரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், தயங்காமல் மூடிவிட்டு முதல் பாகத்தை மறுபடி எடுங்கள். இந்த முறை கவிழ்த்து வைக்காமல் படித்துவிட்டு, யாராவது கேட்டார்களா, கேட்டவர் கடன் வாங்கிக்கொண்டு போனாரா என்று எனக்கு எழுதுங்கள்.