மூளையைத் திருத்தினால் எதைத் திருத்துவது?

அன்பான நேயர்களே, வணக்கம்.

மனித மூளையைத் திருத்தி, இப்போது இருப்பதைவிட நன்றாக வேலை செய்கிற மாதிரி அமைக்க முடியுமா? இன்றைக்குப் பேசச் சொல்லி எனக்குக் கொடுத்த தலைப்பு இது. பாளையங்கோட்டையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள், 'ஒரு சிப் வைத்துவிட்டால் பரீட்சைக்குப் படிக்க வேண்டாமே' என்பார்கள். பெரியவர்கள், 'மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பது நினைவிருந்தால் போதும்' என்பார்கள். இரண்டு தரப்பும் கேட்பது ஞாபக சக்தியைத்தான். சரி, அதிலேயே ஆரம்பிக்கலாம்.

ஞாபகத்தைக் கூட்டும் வேலையை எலிகளிடம் செய்து பார்த்தாகிவிட்டது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று சேருமிடத்தில் என்.எம்.டி.ஏ. என்றொரு புரதம் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுறுசுறுப்பானால்தான் அது திறக்கும். திறந்தால் அந்த இணைப்பு பலப்படும். நாம் எதையாவது கற்றுக்கொள்கிறோம் என்றால் உள்ளே நடப்பது பெரும்பாலும் இதுதான். இளம் பருவத்தில் இது கொஞ்சம் அதிக நேரம் திறந்திருக்கும், வளர்ந்த பிறகு சட்டென்று மூடிவிடும். 1999இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜோ சியென் குழுவினர் ஒரு மரபணுவைக் கூட்டி, வளர்ந்த எலியிலும் அது இளசுபோலவே திறந்திருக்கும்படி செய்தார்கள். எலி சீக்கிரம் கற்றது, கற்றதை நீண்ட நாள் வைத்திருந்தது. பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன.

இரண்டு வருஷம் கழித்து வேறொரு குழு இதே வகை எலிகளை எடுத்துச் சோதித்தது. காலில் வீக்கம் உண்டாக்கிப் பார்த்தால், மற்ற எலிகளைவிட இவற்றுக்கு வலி அதிகமாகவும் நீண்டும் இருந்தது. யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. நாள்பட்ட வலியும் நரம்புகள் மறக்காமல் வைத்திருக்கும் ஒரு பாடந்தான். பாடத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், வலியை விட்டுவிடு என்று அந்தப் புரதத்திடம் சொல்ல வழியில்லை.

மனிதரிலும் உதாரணம் உண்டு. ரஷ்யாவில் ஷெரஷெவ்ஸ்கி என்று ஒரு பத்திரிகையாளர். லூரியா என்ற உளவியலாளர் அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வருஷங்களுக்கு முன்னால் ஒருமுறை காட்டிய எண் பட்டியலை அப்படியே ஒப்பிப்பார். ஆனால் முகங்களை அடையாளம் காணத் திணறுவார். சிரிக்கும்போது ஒரு முகம், கோபத்தில் ஒரு முகம் என்று எல்லாமே தனித்தனியாக மனதில் பதிந்துவிட்டால், இது இன்னாருடைய முகம் என்று தொகுப்பது எப்படி? நான் உடலியங்கியல் பாடம் நடத்திய காலத்தில், மறதி ஒரு கோளாறு என்று எழுதிய மாணவருக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். இப்போதும் குறைப்பேன்.

அப்புறம் கவனம். ஒரே நேரத்தில் மனதில் தாங்கக்கூடியவை நாலைந்து விஷயங்கள்தான் என்று சோதனைகள் சொல்கின்றன. நமக்குப் பக்கத்தில் நாகர்கோவில் இடலாக்குடியில் பிறந்த செய்குத் தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம், அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கும் வித்தை, செய்து காட்டினார். முதுகில் விழும் கற்களை எண்ணுவது, மணியோசையைக் கணக்கு வைப்பது, கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா பாடுவது, இடையிடையே கேட்ட கேள்விக்கெல்லாம் பதில். அவர் மூளைக்குள் யாரும் கம்பி செருகவில்லை, எல்லாம் பயிற்சி.

பயிற்சி என்பதே மூளையைத் திருத்தும் வேலைதான், அதற்கும் செலவு உண்டு. லண்டனில் டாக்ஸி ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். எலனோர் மக்வயர் என்ற ஆய்வாளர் 2000இல் அந்த ஓட்டுநர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார். நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதியின் பின்பக்கம் பெருத்திருந்தது, முன்பக்கம் சிறுத்திருந்தது. பின்னால் நடந்த சோதனைகளில், புதிதாகக் காட்டிய ஒரு சிக்கலான கோட்டுப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னபோது அவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள்.

சிப் வைப்பது பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது காக்ளியர் கருவியைத்தான். பிறவியிலேயே காது கேட்காத பிள்ளையின் உட்காதில் மின்முனைகளைப் பொருத்துகிறார்கள். இருபது சொச்சம் முனைகள். இயற்கையில் அந்த வேலையைச் செய்வது சுமார் 3500 மயிரணுக்கள். அந்த அரைகுறை ஒலியை வைத்துக்கொண்டு பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகுவது பிள்ளையின் மூளை. அதனால்தான் வயது முக்கியம், பேச்சுப் பயிற்சி முக்கியம். அறுவை முடிந்த மறுவாரமே பிள்ளை 'அம்மா' என்று கூப்பிடும் என்று நம்பி வருகிற பெற்றோருக்கு இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு பிள்ளைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை உண்டு. சந்தேகம் இருந்தால் நாள் கடத்தாதீர்கள்.

இதைவிட மலிவான திருத்தம் ஒன்று நம் அடுப்படியில் இருக்கிறது. வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை வளரத் தைராய்டு சுரப்பு வேண்டும், அதற்கு அயோடின் வேண்டும். ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. ஆயுள் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி வராது. அது குறைந்தால் குழந்தையின் அறிவுத்திறன் குறையும், பிற்பாடு எந்தச் சிப்பும் அதைச் சரிசெய்யாது. கடல் உப்பில் அயோடின் தானாகவே இருக்கும் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். பேருக்குத்தான் இருக்கும். தூத்துக்குடி உப்பளம் பக்கத்திலேயே இருப்பதால் கல்லுப்பை அப்படியே வாங்கிப் போடும் பழக்கம் நமக்கு. பையில் அயோடின் சேர்த்தது என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

சரி, எனக்கு ஒரே ஒரு திருத்தம் செய்ய அனுமதி உண்டென்றால்? ஞாபகத்தையும் கவனத்தையும் தொட மாட்டேன். உடன்குடி, திசையன்விளைப் பக்கம் பதநீர் இறக்கப் பனையேறி, கால் வழுக்கி விழுந்து தண்டுவடம் அடிபட்டவர்களை நேயர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கையில் நரம்பு அறுந்தால் தைத்தபின் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் வளரும். தண்டுவடத்தில் அது நடக்காது. மீன்தொட்டியில் விடுகிறோமே, கோடு போட்ட ஜீப்ரா மீன், அதற்குத் தண்டுவடம் அறுந்தாலும் சில வாரங்களில் வளர்ந்து மறுபடி நீந்தும். நம் மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புக்குப் போர்த்திய உறையிலேயே 'வளராதே' என்று தடுக்கும் புரதங்கள் இருக்கின்றன. எலிகளில் அந்தத் தடையை நீக்கினால் நரம்பு கொஞ்சம் துளிர்க்கிறது. மனிதரில் இன்னும் பெரிய பலன் கிடைக்கவில்லை.

அந்தத் தடை வீணுக்கு வைத்ததாகத் தெரியவில்லை. ஒருமுறை சரியாக அமைந்த இணைப்புகள் கலைந்துவிடாமல் காப்பது அதன் வேலையாக இருக்கலாம். எலிகளின் தண்டுவடத்தில் புது அணுக்களைச் செலுத்திப் பார்த்த சில சோதனைகளில், நரம்பு தவறான இடத்தில் துளிர்த்து வலி கூடியதும் உண்டு. பழைய எலிக்கதை மாதிரியேதான். ஆனாலும் இந்த ஒன்றுக்கு மட்டும் அந்த ஆபத்தை ஏற்கலாம் என்பது என் கட்சி. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கட்டிலில் கிடக்கும் பனையேறியிடம், நடக்க முடியாது, கொஞ்சம் வலியும் கூடும், ஆனால் சிறுநீர் உங்கள் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடும் என்று சொல்லிப் பாருங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்பார்.

நன்றி, வணக்கம்.